வற்றாளைத் தண்டுக்குள்

எழுபத்துநான்காம் ஆண்டு ஆவணியில் ஒரு காலை, எங்கள் குசினி அலுமாரிக்கு மேல் வைத்திருந்த ஜாம் போத்தலுக்குள் ஓர் அந்துப்பூச்சி உட்கார்ந்திருந்தது. போத்தலின் வாயை நான்தான் மெல்லிய துணியால் கட்டி வைத்திருந்தேன். உள்ளே போட்டது ஒரு துண்டு வற்றாளைத் தண்டு. அதன் ஓரத்தில் இருந்த ஓட்டையால் பூச்சி வெளியே வந்திருக்க வேண்டும். வெள்ளைச் செட்டைகள். அவற்றின் மேல், தேத்தண்ணி சிந்திக் காய்ந்த சீலையில் தெரியும் கறை போல, பழுப்பு மஞ்சளாகப் பின்னிய கோடுகள். அழகான பூச்சி என்றே சொல்ல வேண்டும். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அக்கா போத்தலைக் கையில் எடுத்து, வெளிச்சத்துக்குப் பிடித்து, நெடுநேரம் பார்த்தா. பிறகு, "இதுதான் எங்கட கிழங்கைத் திண்டதோ" என்று கேட்டுவிட்டு, போத்தலைத் திறக்காமலே அடுப்பங்கரையில் வைத்தா.

அப்போது நான் துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எழுதுவினைஞனாக இருந்தேன். லிங்கநகரில் அக்கா வீட்டில் சாப்பாடும் படுக்கையும். அத்தான் கந்தளாயில் கரும்புக் காணிகளில் காவல் வேலை பார்த்தார். மாதத்தில் இரண்டு தடவை வந்து போவார். வீட்டில் மூன்று பிள்ளைகள். நாள் திகதி குறித்து வைக்கிற பழக்கம் எனக்குப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே உண்டு. கப்பல் வரவு, காற்று மாறிய நாள், கிணற்று நீர் மட்டம் என்று எதையாவது எழுதிக்கொண்டிருப்பேன். அதனால் இந்த விடயத்தின் மாதங்கள் எனக்குத் தெளிவாக நினைவிருக்கின்றன. விளங்காமல் இருப்பது வேறு சில.

அந்த வருடங்களைக் கடந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கூப்பன் அரிசி குறைந்துவிட்டது. பேக்கரியில் பாணுக்கு விடியமுன்னமே வரிசை நிற்கும். வெளியிலிருந்து ஒரு பை அரிசி கொண்டு வருவதென்றால் வீதியில் மறித்துத் திறந்து பார்ப்பார்கள். மரவள்ளியும் வற்றாளையும் நடுங்கள் என்று வானொலி சொல்லிக்கொண்டே இருந்தது. சர்க்கரைவள்ளி என்று புத்தகங்களில் எழுதும் கிழங்குக்குத்தான் எங்கள் பக்கத்தில் வற்றாளை என்று பெயர். பிள்ளைகளின் காலைச் சாப்பாடு அது. சில நாட்களில் பெரியவர்களின் இரவுச் சாப்பாடும் அதுவே.

எங்கள் வீட்டுப் பின்வளவில் வற்றாளை வந்தது கிண்ணியாவிலிருந்து. அங்கே அக்காவுக்கு ஒரு சிநேகிதி இருந்தா. அக்கா அவவை ராத்தா என்று அழைப்பா. நானும் அப்படியே. முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரிக்குச் சொல்லும் முறை அது. இருவரும் பழகியது ஆஸ்பத்திரியில். அக்காவின் இரண்டாவது பிள்ளைக்கும் ராத்தாவின் கடைசி மகளுக்கும் ஒரே சமயத்தில் நெருப்புக்காய்ச்சல் வந்து பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில் கிடந்தார்கள். ஒருத்தி வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வரும்வரை மற்றவள் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வாள். பிள்ளைகள் எழும்பி வீட்டுக்கு வந்த பிறகும் போக்குவரத்து நிற்கவில்லை. பெருநாளைக்கு அங்கிருந்து வட்டிலப்பம் வரும். பொங்கலுக்கு இங்கிருந்து பொங்கல் போகும். ராத்தாவின் கணவர் கடலில் கரைவலை இழுக்க ஆளாகப் போகிறவர். வாடைக்காற்று தொடங்கினால் வலை ஏறிவிடும், தொழில் நின்றுவிடும். பங்குனி வரை அந்த வீட்டுக்கு வளவில் விளைவதுதான் சோறு.

எழுபத்துமூன்றாம் ஆண்டு ஐப்பசியில் அக்கா வெறும் மணலைக் கிளறிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுப் போன ராத்தா, அடுத்த கிழமையே ஒரு பெரிய கட்டுக் கொடியோடு வந்து இறங்கினா. தலையில் சுமந்து, பாதையில் ஏறி (ஆற்றைக் கடக்கும் மிதவைக்கு எங்களூரில் பாதை என்றுதான் பெயர்), பிறகு பஸ்ஸில் வந்திருந்தா. எல்லாம் பெருவிரல் பருமன் இருந்தன. மண்ணோடு ஒட்டிக் கிடந்த, முதிர்ந்த அடித்தண்டுகள். கணுவுக்குக் கணு வேர் தொங்கியது.

கொடி கொடுப்பதில் எங்கள் பக்கத்தில் ஓர் ஒழுங்கு இருந்தது. கொடிக்கு விலை கிடையாது. கேட்டு வந்தவருக்கு இல்லை என்று சொல்வதும் கிடையாது. கொடுத்தவர் பிறகொருநாள் திருப்பிக் கேட்டால் அவர் கொடுத்த அளவுக்காவது கொடுக்க வேண்டும். கொடுப்பதிலும் தரம் பார்ப்பார்கள். அடித்தண்டுதான் பலமானது, வெயிலைத் தாங்கும், நட்டால் பிழைக்காது என்பதே இல்லை என்பது எல்லோருடைய நம்பிக்கை. ஆகவே வேண்டியவர்களுக்கு அடித்தண்டை வெட்டிக் கொடுப்பார்கள். இளம் நுனி ஆட்டுக்கு. ஒருவருக்கு நுனியைக் கட்டிக் கொடுத்தால், வாசலில் வைத்தே அனுப்பிவிட்டதற்குச் சமம்.

அந்தப் போகம் எங்களுக்குப் பாதி விளைந்தது. மாசியில் கிண்டியபோது சில பாத்திகளில் நல்ல கிழங்கு. சிலவற்றில் கொடி பச்சையாகப் படர்ந்திருந்தும் கீழே சுண்டுவிரல் போல வேர்தான் இருந்தது. மழை கூடிப்போயிற்று என்று நினைத்தோம். பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, தனக்கும் கொஞ்சம் கொடி வேண்டும் என்று கேட்டா. அக்கா நல்ல அடித்தண்டாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தா. மிச்சத்தைக் கோடைக்குக் காப்பாற்றிவைக்கக் கிணற்றடி ஈரத்தில் நட்டா.

ஆடி மாதம் அந்தக் கிணற்றடிக் கொடிகள் வாடத் தொடங்கின. தண்ணீர் இருந்தும் வாடின. குனிந்து பார்த்தால், அடித்தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் மரத்தூள் போல ஒரு பழுப்புத் தூள் குவிந்து கிடந்தது. தண்டு அங்கே வீங்கி, கட்டையாக இருந்தது. சவர பிளேட்டால் நீளவாட்டில் பிளந்தேன். உள்ளே சோறு, தண்டின் நடுச்சதை, இல்லை. குழாய் போல வெறுமை. அந்தக் குழாய்க்குள், கரும்புள்ளிகள் போட்ட ஒரு வெளிறிய புழு தலையைப் பின்னுக்கு இழுத்தது. அடுத்த தண்டையும் பிளந்தேன். அதிலும் இருந்தது. ஒன்றின் துளை கீழே இறங்கி வேர்க்கட்டைக்குள்ளேயே போயிருந்தது. வெளியே இலை பச்சை, உள்ளே ஒன்றுமில்லை. ஒரு துண்டைப் போத்தலில் போட்டு வைத்தது அப்போதுதான்.

பூச்சி வெளியே வந்த பிறகு, பொது நூலகத்தில் யாரும் தொடாத ஆங்கிலப் புத்தகங்களுக்குள் தேடினேன். வெப்பநாட்டுப் பயிர்ப்பூச்சிகளைப் பற்றிய பழைய நூலொன்றில் அதன் படம் இருந்தது. தாய்ப்பூச்சி இலையிலும் தண்டிலும் முட்டையிடுகிறது. புழு முதிர்ந்த தண்டைக் குடைந்து அடிக்கு இறங்குகிறது. கொடி இளமையாக இருக்கும்போதே பிடித்துவிட்டால் கிழங்கு வைக்காது. நடுவதற்குக் கொண்டுபோகும் தண்டுக்குள்ளேயே இருந்து ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகிறது. நுனிக்கொடியில் பெரும்பாலும் புழு இராது. நடுவதென்றால் நுனியை நட வேண்டும்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அக்கா முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தா. கடைசியில் அவ கேட்டது ஒரு கேள்விதான்.

"அப்ப இது ராத்தா தந்த கொடிக்குள்ள இருந்து வந்ததெண்டு சொல்லுறியோ?"

அப்படித் தீர்மானமாகச் சொல்ல முடியாது என்றேன். இங்கேயே வேறு கொடியிலிருந்து பறந்து வந்திருக்கலாம். வேலியோரத்தில் காட்டுக்கொடிகளும் உண்டு. ஆனால் எங்கள் வளவில் அதற்கு முன் வற்றாளை நின்றதில்லை என்பதையும் சொன்னேன். கொண்டு வந்த கொடிகளில் இருந்திருக்கத்தான் சாத்தியம் அதிகம்.

"சரி. இதை ஒருத்தருக்கும் சொல்லாதை. அவ தலையில சுமந்து கொண்டந்தவ. அவ தந்தது கொடி. புழுவை அவ தரேல்லை."

வாடிய கொடிகளைப் பிடுங்கி எரித்தோம். மிஞ்சியவற்றில் நுனிகளை மட்டும் நறுக்கி, அக்கா வேறொரு மூலையில் நட்டா. அவை தழைத்தன.

அந்த ஐப்பசியில், முதல் மழைக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, ராத்தா வந்தா. கையில் வெறும் உமல், பனையோலைப் பை. கோடையில் அவவின் கிணறு உவராகி, காப்பாற்றி வைத்த கொடி முழுவதும் கருகிப்போயிற்று. அயலிலும் அதே கதி. வலையும் ஏறிவிட்டது. இன்னும் ஒரு கிழமைக்குள் நடாவிட்டால் மாசியில் கிண்ட ஒன்றும் இராது என்று, தேத்தண்ணி குடித்துக்கொண்டே கதையோடு கதையாகச் சொன்னா. கேட்கிறோம் என்ற கூச்சம் அவவிடம் இல்லை. தான் கொடுத்ததைத்தானே கேட்கிறா.

அக்கா கத்தியை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனா. நானும் போனேன். புழுவைப் பற்றிச் சொல்லிவிடு என்று தாழ்ந்த குரலில் சொன்னேன். மாட்டேன் என்று தலையை அசைத்தா. நுனி நுனியாக வெட்டினா. நல்ல பச்சை, ஒரு பழுதில்லை. கை நிறையச் சேர்ந்தும் அந்தக் கட்டு மெலிந்துதான் தெரிந்தது. வாழை நாரால் கட்டிக் கொண்டுவந்து ராத்தாவின் முன் வைத்தா.

ராத்தா அதைப் பார்த்தா. பிறகு அக்காவைப் பார்த்தா.

"என்ன புள்ள, எங்க ஊட்ட ஆடு இல்லயே" என்று சிரித்தா. சிரிப்பு பாதியில் நின்றது.

அக்கா, நுனிதான் இந்த முறை நன்றாகப் பிடிக்கிறது, நட்டுப் பாருங்கள் என்றா. ஏன் என்று சொல்லவில்லை. ராத்தாவின் கண் பின்வளவில் கிடந்த தடித்த தண்டுகள் மேல் போயிற்று. அவற்றை வெட்டாமல் வைத்திருப்பது தங்களுக்காக என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அந்த நேரத்தில்தான் வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு அம்மாவின் தலை தெரிந்தது. எல்லாவற்றையும் கேட்டிருந்தா. கொடுக்கிற சந்தோசம் அவவின் குரலில் வழிந்தது.

"ஆற்றைக் கடந்து வந்தவவுக்கு இதையோ பிள்ளை குடுத்து விடுறாய்? இஞ்சால வாங்கோ, நான் தாறன் கட்டையாப் பார்த்து."

ராத்தா எழும்பி வேலியடிக்குப் போனா. அந்த அம்மா ஏற்கெனவே வெட்டத் தொடங்கியிருந்தா. தடித்த, வேர் தொங்கும் தண்டுகள். நான் அக்காவைப் பார்த்தேன். அக்காவின் முகம் வெளிறியிருந்தது. வேலியடிக்குப் போய், அந்தக் கொடி சரியில்லை, வேண்டாம் ராத்தா என்று சொன்னா.

பக்கத்து வீட்டு அம்மா கத்தியை நிறுத்தினா. "சரியில்லையோ? உன்ட கொடிதானே பிள்ளை. போன மாசியில நீ தந்ததுதானே நான் நட்டனான்."

ராத்தா திரும்பினா. "அப்ப அது நான் குடுத்த கொடி. என்ட கொடில என்ன பழுது?"

மூன்று பேரும் அக்காவின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவ சொல்ல வேண்டியது ஒரு வசனம். அதை, அந்த வேலிக்கு முன்னால், இன்னொருத்தி கேட்க, கையை நீட்டி நின்ற ராத்தாவிடம் சொல்ல வேண்டும். அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா.

"ஒண்டுமில்லை ராத்தா. கொண்டு போங்கோ."

கட்டுகள் பாரமாக இருந்ததால் துறைவரை தூக்கிக்கொண்டு போனேன். பஸ்ஸில் சீனன்குடா தாண்டும்வரை ராத்தா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தா. மிதவைப் பாதை அக்கரையில் நின்றது. அது வரும்வரை கரையில் நின்றோம். என்னால் அடக்க முடியவில்லை. தடித்த கொடிக்குள் புழு இருக்கிறது, நுனியை மட்டும் நடுங்கள் என்று சொன்னேன்.

"தம்பி, ஒங்கட அக்கா சொல்லச் சொன்னாவா?"

இல்லை, நானே பிளந்து பார்த்தேன், புத்தகத்திலும் இருக்கிறது என்றேன்.

"புத்தகத்திலயா." அவவின் வாயோரம் கொஞ்சம் நெளிந்தது. "நீங்க நல்ல தம்பி. அக்காட குறைய மறைக்கப் பாக்கிறீங்க. அதுக்கு ஒண்டும் வேணாம். எனக்கு அவட மேல கோபமில்ல."

பாதை வந்தது. ஒரு மாட்டுவண்டி முதலில் ஏறியது. ராத்தா தடித்த கட்டை என்னிடமிருந்து வாங்கித் தலையில் வைத்தா. மெலிந்த கட்டையும் வாங்கினா. கயிற்றைப் பிடித்து இழுக்கிறவர்கள் இழுக்கத் தொடங்கியபோது, அந்த மெலிந்த கட்டை வண்டி மாட்டுக்கு முன்னால் போட்டா. மாடு தின்றது. நான் கரையில் நிற்பதை மறந்துவிட்டாவோ, மறக்கவில்லையோ, தெரியாது.

வீட்டுக்கு வந்து இரண்டையும் சொன்னேன், நான் சொன்னதையும் மாடு தின்றதையும். அக்கா என்னைக் கோபிக்கவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்தா. களைந்த தண்ணீரை ஊற்ற மறந்து திரும்பவும் களைந்தா.

அந்தப் போகம் எங்கள் வளவில் நன்றாக விளைந்தது. மாசி பிறந்ததும் அக்கா கிண்டினா. பக்கத்து வீட்டில் ஒன்றும் இல்லை. அந்த அம்மா மண்ணைத் திட்டினா, பிறகு மழையைத் திட்டினா. கிண்ணியாவிலிருந்து செய்தி வரவில்லை. பொங்கலுக்கு அனுப்பியதற்கும் பதில் இல்லை. அக்கா ஒரு உமல் நிறையக் கிழங்கை எடுத்துக்கொண்டு, போய்ப் பார்க்க வேண்டும் என்றா. வெறுங்கையோடு போகலாம், கிழங்கு வேண்டாம், எங்களுக்கு மட்டும் விளைந்ததைக் காட்டுவது போலாகும் என்று சொன்னேன். பட்டினியாக இருக்கிற வீட்டுக்கு வெறுங்கையோடு போகச் சொல்கிறாயா என்று கேட்டா.

ராத்தாவின் வீட்டில் சத்தம் இல்லை. வழமையாக வளவில் ஓடித்திரியும் சிறியவர்களைக் காணவில்லை. இரண்டு பேரையும் மூதூரில் தகப்பனின் சகோதரி வீட்டில் விட்டிருப்பதாக, கதிரையை இழுத்துப் போட்டபடி ராத்தா சொன்னா. வலை இறங்கும்வரை அங்கேதான். அவர்களில் ஒருத்தி, அக்கா ஆஸ்பத்திரியில் இரவிரவாக விசிறிய பிள்ளை. அக்கா உமலைக் கீழே வைத்தா. ராத்தா அதைத் திறந்து பார்த்தா. ஒரு கிழங்கை எடுத்துக் கையில் உருட்டினா. பிறகு எழும்பி, "வா, காட்டுறன்" என்று பின்னால் கூட்டிப் போனா.

கொடி வளவை மூடிப் பச்சைப் பாயாகக் கிடந்தது. எட்ட நின்று பார்ப்பவர் பொறாமைப்படுவார். ராத்தா ஓரிடத்தில் கொடியை ஒதுக்கினா. அடித்தண்டு வீங்கியிருந்தது, அதைச் சுற்றிப் பழுப்புத் தூள். மண்வெட்டியால் கொத்திப் புரட்டினா. வேர்கள் மட்டும் வந்தன. அடுத்த பாத்தியிலும் அப்படியே.

"ஒனக்கு விளைஞ்சிரிக்கி" என்றா ராத்தா.

"ஓம்."

"நுனிய நட்டியா?"

"ஓம் ராத்தா."

"அப்ப ஒனக்குத் தெரியும். தம்பி துறையில சொன்னது பொய்யில்ல." மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றா. "எனக்கு அத நீ சொல்லிரிக்கலாமே புள்ள. ஏன் சொல்லல்ல?"

இப்போது வேலி இல்லை, பக்கத்து வீட்டு அம்மா இல்லை. நான் மட்டும்தான் நின்றேன். புழு ராத்தா தந்த கொடியோடு வந்திருக்கலாம் என்பதை அக்கா சொல்லிவிடுவா என்று நினைத்தேன். சொன்னால் அவவின் மேல் உள்ள குறை அந்த நிமிடமே தீர்ந்துவிடும். அக்கா கொத்திப்போட்ட மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றா.

"பக்கத்து வீட்டு அம்மாவுக்கு முன்னால சொல்ல வெக்கமாக் கிடந்தது. நான் குடுத்த கொடி பழுதெண்டு ஊர் முழுக்கச் சொல்லிப்போடுவா."

"அதுக்காகவா."

"ஓம்."

ராத்தா கொத்திப்போட்ட தண்டொன்றைக் காலால் புரட்டினா. இந்தக் கரையில் இப்படியொரு புழுவைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை, தன் உம்மாவின் காலத்திலும் இருந்ததில்லை என்றா. அதை அவ உண்மையாகவே நம்பினா. இருந்திருக்கலாம், கவனிக்காமல் விட்டிருக்கலாம் என்று நான் நினைத்தேன். ஆனால் அதுவும் என் ஊகம்தான். எந்தக் கரையிலிருந்து எந்தக் கரைக்குப் போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"அப்ப அது அங்கால புழுதானே" என்று ராத்தா கேட்டா.

"ஓம் ராத்தா. எங்கட பக்கத்துப் புழு" என்று அக்கா சொன்னா.

சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று மறித்தா. நாங்கள் கொண்டுபோன கிழங்கையே அவித்துத் தேங்காய்ப்பூவோடு தந்தா. அக்காவின் தட்டில் பெரிய துண்டுகளை வைத்தா. கதைத்தார்கள். அத்தானின் வேலை, கந்தளாய்க் குளத்தில் தண்ணீர், மூதூருக்குப் போகும் லோஞ்சு பழுதாகி நின்றது. புழுவைப் பற்றி அதன் பிறகு ஒரு சொல்லும் இல்லை. புறப்படும்போது ராத்தா வாசல்வரை வந்தா. முன்பெல்லாம் துறைவரை வருவா.

அதற்குப் பிறகு அவ எங்கள் வீட்டுக்கு வரவில்லை. சண்டை என்று சொல்ல ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த பெருநாளைக்கு யாரோ ஒருவரின் கையில் வட்டிலப்பம் வந்தது. அதற்கடுத்த பெருநாளைக்கு வரவில்லை. ஐப்பசி வந்தபோது, கிண்ணியாப் பக்கத்தில் டவுன் கொடி, அதாவது எங்கள் பக்கத்துக் கொடி, ஒருவரும் வாங்குவதில்லை, அதற்குள் புழு என்று சொல்கிறார்கள் என, அங்கிருந்து அலுவலகத்துக்கு வரும் ஒருவர் எனக்குச் சொன்னார். நான் அதை வீட்டில் சொன்னேன். அக்கா கிணற்றடியில் நுனிக்கொடி வெட்டிக்கொண்டிருந்தா. அது நல்லதுதான், புழு இனி அங்கே போகாது என்றா. கட்டுகளைக் கட்டி, ஈரச்சாக்கால் மூடி, அந்தக் கிழமை முழுவதும் வைத்திருந்தா. யாரும் கேட்டு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவற்றை எடுத்து வளவின் மிச்ச மணலில் தானே நட்டா. எங்கள் வீட்டுக்குத் தேவையானதைவிட அது அதிகம்.